கரண்ட் வைக்கிற அறைக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகள் வரட்டும்

"தம்பி, கரண்ட் வைக்கிறப்ப ஷாக் அடிக்குமா?"

முகத்துக்கு மாஸ்க் செய்யப் படுக்க வைத்திருந்த ஒரு அம்மா கேட்டார். தொண்டையில் புற்றுநோய். அதற்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். வெந்நீரில் போட்ட பிளாஸ்டிக் தகடு துணி மாதிரித் துவளும். முகத்தின் மேல் இழுத்துப் பிடித்தால் சில நிமிடங்களில் இறுகி, மூக்கும் தாடையும் அப்படியே பதிந்துவிடும். "ஷாக் அடிக்காதும்மா, சுடவும் சுடாது. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான். நீங்க அசையாம இருக்கத்தான் இந்த மாஸ்க்" என்றேன். இறுக்கிப் பிடித்திருந்த விரல்களை விட்டார். அவர் பேச்சும் என் பேச்சும் ஒரே மண்ணுடையது. அந்த அறையில் அது சின்ன விஷயம் இல்லை.

நான் மருத்துவ இயற்பியலாளர். அந்தக் கதிர்வீச்சைக் கணக்குப் போட்டுத் திட்டமிடுபவன். கிராமப் பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது ஒன்று மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. இந்தத் துறைக்கு வந்திருக்க வேண்டிய பிள்ளைகளை நாம் மார்க்கினால் இழப்பதில்லை. பதினைந்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் நடுவே பெரியவர்கள் எடுக்கும் சில முடிவுகளால் இழக்கிறோம்.

அதில் பெரியது, பிளஸ் ஒன்னில் கணக்கை விடுவது. "டாக்டருக்குத்தானே, பயாலஜி போதும்" என்று பியூர் சயின்ஸ் குரூப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு நோயாளிக்கு நாளைக்கு 2 கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 25 நாள், மொத்தம் 50 கிரே கதிர்வீச்சு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், எந்தெந்தக் கோணத்திலிருந்து செலுத்துவது, பக்கத்தில் இருக்கும் தண்டுவடம் எவ்வளவு வாங்கும் என்று போட்டுப் பார்ப்பது எங்கள் வேலை. அதற்கு பி.எஸ்சி. இயற்பியல் படித்து, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் படிக்கலாம். அல்லது எம்.எஸ்சி. இயற்பியலை முடித்துவிட்டு, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டு டிப்ளமோவுக்குப் போகலாம். பெரும்பாலான கல்லூரிகள் பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பிளஸ் டூவில் கணக்கு கேட்கின்றன. பயாலஜியும் கணக்கும் சேர்ந்த குரூப் எடுத்த பிள்ளை நீட்டும் எழுதலாம், இந்த வழியும் திறந்திருக்கும்.

நீட் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதை விடக் கூடாது. ஆனால் வேறு எந்த விண்ணப்பமும் போடாமல் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று நீட்டுக்கே காத்திருப்பது தவறு. நர்சிங்கும், கதிர்வீச்சு சிகிச்சை மெஷினை இயக்கக் கற்றுத்தரும் ரேடியோதெரபி டெக்னாலஜி பட்டப்படிப்பும் அதே பருவத்தில்தான் வருகின்றன.

அடுத்தது, பஸ் ஸ்டாண்டு போர்டைப் பார்த்துச் சேருவது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் வீட்டில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, "ஒரே வருஷத்தில் ரேடியாலஜி டிப்ளமோ, நூறு சதவீதம் வேலை" என்ற இடத்தில் பணம் கட்டினார்கள். சான்றிதழோடு என்னிடம் வந்தான். கதிர்வீச்சு சிகிச்சையில் யார் யார் வேலை பார்க்கலாம் என்பதை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தீர்மானிக்கிறது. அவன் கையிலிருந்த தாள் அதற்குச் செல்லாது. அதை அவனிடம் சொன்ன பத்து நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: படிப்பு எந்தப் பல்கலைக்கழகத்துடையது? இதை வைத்து அந்த வாரியத்தின் விதிப்படி வேலையில் சேர முடியுமா?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சுவர். "அந்த வேலைக்குப் போனா குழந்தை பொறக்காதாமே சார்?" என்று அப்பாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். கேட்பதே நல்லது, கேட்காமல் தடுத்துவிடும் வீடுகள்தான் அதிகம். மின்சாரத்தில் ஓடும் சிகிச்சை மெஷினைப் போட்டால்தான் கதிர் வரும், நிறுத்தினால் நின்றுவிடும். அது ஓடும்போது உள்ளே நோயாளி மட்டும்தான். நாங்கள் ஒரு மீட்டருக்கும் தடித்த கான்கிரீட் சுவருக்கு வெளியே, திரையைப் பார்த்தபடி இருப்போம். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கு அனுப்பி, யார் எவ்வளவு கதிர் வாங்கினார் என்று கணக்கு வரும். கர்ப்பமாக இருக்கும் ஊழியருக்குத் தனி வரம்பே உண்டு. அப்படிக் கேட்ட ஒரு அப்பாவிடம் என் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆராய்ச்சி என்றால் வெளிநாடு, நமக்கு எட்டாது என்று நினைப்பதும் மாற வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கிராமத்திலேயே கண்டுபிடித்தால் உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் விடை தேடினார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் ஊர் ஊராகப் போய், வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்த்துத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் அந்த நோயால் வரும் சாவு, நடக்காத ஊர்களை விட 35 சதவீதம் குறைவாக இருந்தது. 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது.

"ஆராய்ச்சின்னா அஞ்சாறு வருஷம் சம்பளம் இல்லாமப் படிக்கணுமே" என்பது வீட்டுக் கவலை, நியாயமானதுதான். எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் மாதிரியான தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி வாங்கினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டு வாடகைப்படி தனி. இதைச் சொல்லும்போதுதான், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுகிறார்கள்.