மார்கழி விடியலும் டெல்லிக் காற்றும்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி அதிகாலையில் ஓசோன் கீழே இறங்கி வரும், அந்தக் காற்று நுரையீரலுக்கு நல்லது என்று வருடா வருடம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி சுற்றும். சென்னையில் அதை நம்பி ஐந்து மணிக்குக் கோலம் போட வந்தால் பெரிய கேடு இல்லை. டெல்லியின் மயூர் விஹாரிலும் ஜனக்புரியிலும் அதை நம்பக் கூடாது. ஓசோன் படலம் இருப்பது 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். எந்த மாதத்திலும் அது தரைக்கு வராது. தரைமட்டத்தில் வெயிலால் உருவாகும் ஓசோனோ நுரையீரலை எரிக்கும் மாசு.

டெல்லிக் குளிர்காலத்தில் விடியற்காலைதான் பெரும்பாலும் மோசமான நேரம். இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அடியிலேயே தங்கிவிடும். அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று பானை மூடி போல உட்கார்ந்துகொள்ளும். இரவு லாரிகளின் புகை, குப்பை எரிகிற புகை, குளிர்காயும் நெருப்பு எல்லாம் அந்த மூடிக்குள் சில நூறு மீட்டருக்குள் அடைபடும். வெயில் ஏறி, சுமார் 11 மணிக்கு மேல்தான் மூடி விலகத் தொடங்கும். நடைப்பயிற்சிக்கு மதியம் 1 முதல் 4 வரை ஏற்ற நேரம். ஆர்.கே.புரத்தில் குன்றின் மேல் இருக்கும் முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போகும் பெரியவர்கள் விடியல் தரிசனத்தை உச்சிகால பூஜைக்கு மாற்றிக்கொள்ளலாம். படி ஏறும்போது மூச்சு ஆழமாக வாங்கும். உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு காற்று உள்ளே போகும்.

"பஞ்சாபில் வைக்கோல் எரித்து முடிந்தது, இனிக் கவலையில்லை" என்று நவம்பர் கடைசியில் மாஸ்க்கை எடுத்து வைப்பதும் தவறு. டிசம்பர், ஜனவரியில் வயலில் தீ இல்லாவிட்டாலும் அந்தப் பானை மூடியும் இருக்கிறது, ஊர்ப் புகையும் இருக்கிறது.

வார இறுதியில் மலைக்குப் போனால் தப்பிக்கலாம் என்பதும் பாதிதான் சரி. டேராடூன் சிவாலிக் குன்றுகளுக்கும் இமயமலைக்கும் நடுவே பள்ளத்தாக்கில் இருக்கிறது. சரிவுகளில் இறங்கும் குளிர்காற்று அங்கே குளம் போலத் தேங்கும். புகையும் அதோடு தேங்கும். முசூரி சுமார் 2000 மீட்டர் உயரத்தில், பெரும்பாலும் அந்தத் தேக்கத்துக்கு மேலே. ஆஸ்துமா உள்ளவரை அழைத்துப்போனால் ஊர்ப் பெயரைப் பார்க்காமல் தங்குமிடத்தின் உயரத்தைப் பாருங்கள்.

எண்ணைப் படிப்பதிலும் குழப்பம் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை வெளியிடும் ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) 24 மணி நேர சராசரி. இப்போது வெளியே போகலாமா என்பதற்கு அது பதில் சொல்லாது; பக்கத்து நிலையத்தின் அந்த மணிநேர பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவைப் பாருங்கள். அளவுகோலையும் கவனியுங்கள்: கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்பது இந்தியக் கணக்கில் 100, அமெரிக்கக் கணக்கில் 150க்கு மேல். இரண்டு செயலிகள் இரண்டு எண் காட்டினால் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை.

துணி மாஸ்க்கும் நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்குப் போதாது. என்95 வேண்டும், அதுவும் முகத்தில் ஒட்டி இருக்க வேண்டும். போட்டதும் மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்தி, பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்கருகே இடைவெளி இருக்கிறது. தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. துவைத்தால் நூலிழையில் உள்ள மின்னூட்டம் போய்விடும். பார்வைக்கு மாஸ்க் அப்படியே இருக்கும், வேலை செய்யாது.

ஏர் பியூரிஃபையர் வாங்கும்போது அறையைக் கணக்குப் போடுங்கள். 12க்கு 12 அடி, உயரம் 10 அடி என்றால் சுமார் 41 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக, சிஏடிஆர் (கருவி சுத்தம் செய்து தரும் காற்றின் அளவு) மணிக்கு 205 கன மீட்டராவது வேண்டும். பெட்டியில் போட்டிருப்பது முழு வேகத்துக்கான எண். இரவில் மெதுவாக ஓட்டினால் அது கிடைக்காது. அதனால் 300 அளவுள்ளதாக வாங்குவதே நல்லது. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். முன்னால் உள்ள வலையில் சாம்பல் நிறப் பஞ்சு படியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். உள்ளே உள்ள, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைக் கழுவவே கூடாது.

நம் வீட்டுப் புகையும் கணக்கில் வரும். வற்றல் மிளகாய் தாளித்த சில நிமிடத்தில் பியூரிஃபையரின் விளக்கு சிவப்பாகிவிடும். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, அங்குள்ள ஜன்னலைச் சற்றே திறந்து எக்ஸாஸ்ட்டைப் போடுங்கள். எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஓட்டினால், படுக்கையறை இடுக்குகள் வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே வரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் கொசுவர்த்தியையும் இந்த மாதங்களில் நிறுத்திவிடுங்கள்; பூஜைக்கு விளக்கு போதும்.

கடைசியாகச் சொல்வதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. மூடிய அறைக்குள் அங்கீட்டியில் (குளிர்காயும் கரி அடுப்பு) கரி மூட்டித் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பியூரிஃபையர் அதைப் பிடிக்காது, என்95 தடுக்காது. வீட்டில் வேலை செய்பவர், வாசல் காவலாளி, மாடியறை வாடகைக்காரர் எல்லோரிடமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் அவர்களுக்கு ஒரு மின் ஹீட்டரோ கனமான ரஜாயோ (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) கொடுங்கள்.