கசட்டிலிருந்து எரிவாயு: தொட்டி கட்டும் முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

மதுரையின் பாதாள சாக்கடைத் தண்ணீர் அவனியாபுரம் வெள்ளக்கல்லிலும் சக்கிமங்கலத்திலும் இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. தண்ணீரைத் தெளிய வைத்த பிறகு அடியில் தங்குவது கசடு. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அது ஸ்லட்ஜ். கறுப்பாக, கூழாக, மூக்கைப் பொத்த வைக்கும் அந்தச் சேற்றில் எரியக்கூடிய சத்து இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. காற்றுப் புகாத தொட்டியில் அடைத்து வைத்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் கலந்த வாயுவை வெளியே விடும். அந்தத் தொட்டிதான் டைஜெஸ்டர். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் இப்படி வரும் வாயுவில் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். ஆகவே இது கனவுத் திட்டம் கிடையாது. ஆனால் அடுக்குமாடிச் சங்கம், கல்லூரி, பேரூராட்சி என்று சிறிய அளவில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

காரணம் ஒன்றுதான். தொட்டியை மெஷின் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது ஒன்றை ஒன்று நம்பிப் பிழைக்கும் ஒரு கூட்டம்.

முதல் கூட்டம் கொழுப்பு, புரதம், மாவுச்சத்து ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக உடைக்கும். அடுத்தது அந்தத் துண்டுகளை அமிலங்களாக்கும். மூன்றாவது அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்று பிரிக்கும். கடைசியாக வருபவை மெத்தனோஜென்கள். மீத்தேன் தருபவை இவை மட்டுமே. இவை பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்று தனி இனம். 1977-இல்தான் அமெரிக்க விஞ்ஞானிகள் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அதைப் பிரித்துக் காட்டினார்கள். முதல் இரண்டு கூட்டங்களில் பலவும் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். மெத்தனோஜென்களில் பல வகைக்கு அதற்கே நாள்கணக்கு ஆகும். போதாததற்கு, மூன்றாவது கூட்டம் விடும் ஹைட்ரஜனைப் பக்கத்தில் இருக்கும் மெத்தனோஜென்கள் உடனுக்குடன் தின்று தீர்க்காவிட்டால் மூன்றாவது கூட்டத்தின் வேலையே நின்றுபோகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி தானாகப் புரியும்.

அவசரப்பட்டு ஊட்டுவது

பல டைஜெஸ்டர்கள் இதில்தான் படுக்கின்றன. தொட்டி கட்டி முடிந்ததும் திறப்பு விழாத் தேதி குறித்துவிடுகிறார்கள். அதற்குள் அடுப்பு எரிந்தாக வேண்டும் என்று கசட்டை வண்டி வண்டியாகக் கொட்டுகிறார்கள். அமிலம் ஆக்கும் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி வழிவது மாதிரி வேகமாகப் புளிக்க வைத்துவிடும். அந்தப் புளிப்பைத் தின்ன வேண்டிய மெத்தனோஜென்களோ அப்போதுதான் கண் விழித்திருக்கும். புளிப்பு ஏற ஏற அவை இன்னும் மந்தமாகும். அவை மந்தமாக ஆக, புளிப்பு இன்னும் ஏறும். இந்தச் சுழலில் மாட்டிய தொட்டியை மீட்க வாரக்கணக்கில் ஆகலாம்.

தொடக்கத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு டைஜெஸ்டரின் கசட்டை விதையாகப் போடுவதே சிறந்தது. அது கிடைக்காவிட்டால் புதுச் சாணக் கரைசல். மாட்டின் வயிற்றிலேயே மெத்தனோஜென்கள் இருப்பதால் சாணம் கைகொடுக்கும். பிறகு ஒரு கன மீட்டர் தொட்டிக்கு ஒரு நாளைக்கு எரியக்கூடிய திடப்பொருள் அரைக் கிலோவுக்குள் என்று ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும். முழு ஓட்டத்திலும் சாதாரணத் தொட்டிக்கு 1 முதல் 3 கிலோ வரைதான் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டுவிட்டுத் திங்களன்று இரண்டு நாள் பங்கைச் சேர்த்துக் கொட்டுவதும் இதே தவறுதான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாளை மட்டும் நம்புவது. 6.8 முதல் 7.4 வரை இருந்தால் நல்லது என்பது சரி. ஆனால் தொட்டியில் காரத்தன்மை இருக்கும்வரை அமிலம் சேர்ந்தாலும் பிஎச் அசையாது. அசையும்போது காரியம் கைமீறியிருக்கும். முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் ஆவியாகும் கொழுப்பமிலத்துக்கும் (தொட்டியில் சேரும் அந்தப் புளிப்புதான் இது) காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். சாதாரண டைட்ரேஷன்தான், பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் செய்ததுதான். 0.3-க்குள் இருந்தால் நிம்மதி. 0.4-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஊட்டுவதை நிறுத்துங்கள். அவசரத்துக்குச் சோடியம் பைகார்பனேட் போடலாம். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் அது வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு கல்லாகப் படியும், மூடிய தொட்டிக்குள் அழுத்தமும் சட்டென்று இறங்கும்.

பாக்கெட் பாக்டீரியாவில் பணத்தைப் போடுவது

பவுடரைக் கலந்தால் வாயு இரண்டு மடங்கு என்று விற்பனை நடக்கிறது. ஈஸ்ட், வெல்லம், கரைசல் என்று கைவைத்தியம் வேறு. கசட்டில் உடைக்கும் கூட்டத்துக்கும் புளிக்க வைக்கும் கூட்டத்துக்கும் பஞ்சமே இல்லை. கோடிக்கணக்கில் இருக்கின்றன. வெளியிலிருந்து வருபவை அந்த நெரிசலில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. தட்டுப்பாடு மெத்தனோஜென்களுக்குத்தான். காற்றுப் பட்டால் தாங்காத அவற்றைக் கடை அலமாரியில் உலர்ந்த பொடியாக வைத்திருப்பது சாதாரணக் காரியம் அல்ல. அந்தக் காசில் டைட்ரேஷன் சாமான் வாங்கலாம்.

கசட்டைப் பார்க்காமல் யூனிட் கணக்குப் போடுவது

எத்தனை யூனிட் கரன்ட் வரும் என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. என்ன கசடு, எவ்வளவு கெட்டி என்று யாரும் கேட்பதில்லை. கையாலேயே போட்டுப் பார்ப்போம். ஒரு டன் கசட்டில் திடப்பொருள் 4 சதவீதம், அதாவது 40 கிலோ. அதில் எரியக்கூடியது 60 சதவீதம் என்றால் 24 கிலோ. அதில் பாதி செரிக்கும் என்று வையுங்கள், 12 கிலோ. செரித்த ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.9 கன மீட்டர் வாயு. மொத்தம் சுமார் 11 கன மீட்டர். எஞ்சினில் விட்டால் கன மீட்டருக்கு 2 யூனிட் என்று 20, 22 யூனிட் தேறும். மோசமில்லை.

இதே கசடு கெட்டியாகாமல் 1 சதவீதத்தில் நீர்த்து வந்தால்? வாயு 2.7 கன மீட்டராகக் குறையும். அதன் மொத்த வெப்பமே சுமார் 16 யூனிட்டுக்குச் சமம். அந்த ஒரு டன்னை 30 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குச் சூடாக்கவே 8 யூனிட் வெப்பம் போய்விடும். பாதி வாயு தண்ணீரைக் காய்ச்சியே தீர்ந்தது! டைஜெஸ்டரை விடக் கசட்டைக் கெட்டியாக்கும் தொட்டிக்கு முதலில் செலவழியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கசடு எங்கிருந்து வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். தண்ணீர் உள்ளே வந்ததும் முதல் தொட்டியில் படியும் கசட்டில் சத்து அதிகம். நீண்ட நேரம் காற்று ஊதிச் சுத்திகரிக்கும் முறைகளில், ஒரே தொட்டியில் காற்று ஊதுவதையும் தெளிய வைப்பதையும் மாறி மாறிச் செய்யும் எஸ்பிஆர் வகையிலும் பெரும்பாலும், முதல் படிவுத் தொட்டியே இருக்காது. சத்தில் ஒரு பங்கை அங்கேயே, காற்று ஊதும் மின்சாரத்தைச் செலவழித்து, எரித்து முடித்துவிடுகிறார்கள். மிஞ்சும் கசட்டில் முப்பது சதவீதம் செரித்தாலே பெரிது. முதல் வகைக் கசட்டின் கணக்கை இரண்டாவது வகைக்குப் போட்டு அறிக்கை எழுதுவதை எங்கே பார்த்தாலும் கேள்வி கேளுங்கள்.

மணல் இன்னொரு திருடன். நம் தெருக்களின் மண்ணும் மழைத்தண்ணீரும் சாக்கடையில்தான் இறங்குகின்றன. 20 நாள் தங்கும்படி கட்டிய தொட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கு மணல் நிறைந்தால் கசடு 13 நாளிலேயே வெளியேறும். மெதுவாகப் பெருகும் மெத்தனோஜென்கள் பெருகுவதை விட வேகமாகக் கழுவிக்கொண்டு போய்விடும்.

வெயிலை நம்பிக் கெடுவது

மதுரையில் டைஜெஸ்டரைச் சூடாக்கவே வேண்டாம் என்பார்கள். ஓரளவு உண்மை. குளிர் நாடுகளுக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. ஆனால் இந்த உயிர்களுக்குச் சூட்டை விட ஏற்ற இறக்கம்தான் ஆகாது. ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் மாறாமல் இருப்பது நல்லது. பெரிய கான்கிரீட் தொட்டி தன் கனத்தாலேயே தாங்கிக்கொள்ளும். மொட்டை மாடியில் வைத்த கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் அக்னி நட்சத்திரத்தில் மதியம் 40-ஐத் தாண்டி, விடியற்காலையில் இறங்கிவிடும். 35 டிகிரிக்குப் பழகிய கூட்டமும் வாழாது, 55 டிகிரிக்குப் பழகும் கூட்டமும் வளராது. பாதி மண்ணுக்குள் புதையுங்கள், அல்லது நிழல் போடுங்கள்.

கண்டதையும் சேர்ப்பது

மாட்டுத்தாவணி மார்க்கெட் கழிவையும் ஹோட்டல் மிச்சத்தையும் கசட்டோடு சேர்த்தால் வாயு கூடும். நல்ல யோசனைதான். கசட்டில் நைட்ரஜன் அதிகம், காய்கறியில் கார்பன் அதிகம், ஒன்றுக்கொன்று ஈடு கட்டும். ஆனால் அழுகிய தக்காளியும் பழமும் மின்னல் வேகத்தில் புளிக்கும், எனவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான். வாழை மட்டையை நறுக்காமல் போட்டால் நார் மிதந்து மேலே பாய் மாதிரி படரும். பரோட்டாக் கடை எண்ணெய் அளவோடு இருந்தால் நல்ல தீனி, மிஞ்சினால் நுரை பொங்கும்.

சேர்க்கவே கூடாதவை வேறு. பிளீச்சிங் பவுடர், கழிப்பறை ஆசிட், சாயப்பட்டறைத் தண்ணீர், முலாம் பூசும் பட்டறைகளின் உலோகக் கழிவு. அடுக்குமாடியில் டைஜெஸ்டர் வைத்துவிட்டு, விருந்தாளி வருகிறார் என்று எல்லா வீட்டிலும் ஒரே நாளில் ஆசிட் ஊற்றினால் யாரைக் குறை சொல்வது?

வாயுவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வது

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கசட்டு வாயுவில் மீத்தேன் 60 சதவீதத்தைச் சுற்றி இருக்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். கூடவே ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால்தான் ஆபத்து என்பது தவறான நம்பிக்கை. 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். 2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் பகுதியில் கழிவுநீரேற்று நிலையக் கிணற்றில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். டைஜெஸ்டரும் அதே ஆபத்துள்ள இடம்தான். அடைப்பு எடுக்க, மோட்டார் கழற்ற என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஆள் இறங்காமலே மணல் அள்ளவும் பம்ப்பைத் தூக்கவும் வழி வைத்துத் தொட்டியை வடிவமைப்பதுதான் சரி. எஞ்சினுக்கும் சல்பைடு ஆகாது, அரித்துவிடும். இரும்புத் துகள் நிரப்பிய வடிகட்டி வழியாக வாயுவை விடுங்கள்.

நேரடியாக மின்சாரம் என்ற ஆசை

கல்லூரிக் கண்காட்சிகளில் சேற்றில் இரண்டு தகடு செருகி எல்ஈடி எரிய வைப்பார்கள். நுண்ணுயிர் எரிபொருள் கலம். தாங்கள் தின்னும் உணவின் எலக்ட்ரானைத் தகட்டுக்குக் கொடுக்கும் ஜியோபாக்டர் போன்ற உயிர்களின் வேலை இது. அறிவியல் சரியானது. 1911-லேயே ஆங்கிலேயத் தாவரவியலாளர் எம். சி. பாட்டர் இதைக் காட்டிவிட்டார். ஆனால் வேலை செய்யும்போது ஒரு கலம் தருவது அரை வோல்ட் சுற்றி, ஆம்பியரும் மிகக் குறைவு. வரிசையாக இணைத்தால் பலவீனமான கலம் எதிர்த் திசையில் திரும்பிக்கொள்ளும். ப்ராஜெக்டுக்கு நல்ல விஷயம், தெரு விளக்கு எரிப்பதற்கு இன்றைக்கு மீத்தேன்தான் வழி.

செரித்த கசட்டை அப்படியே வயலுக்கு அனுப்புவது

நாற்றம் போய்விட்டது, உரமாயிற்று என்று டிராக்டரில் ஏற்றிவிடுகிறார்கள். 35 டிகிரியில் செரித்த கசட்டில் மனிதக் குடலில் வளரும் நாக்குப்பூச்சியின் முட்டைகள் உயிரோடு இருக்கும். உலர்த்தும் படுகையில் காய வைத்து, பிறகு இலை தழையோடு குவித்து 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறும்படி சில நாட்கள் கம்போஸ்ட் ஆக்க வேண்டும். குவியலைப் புரட்டிப் போட்டால்தான் ஓரத்தில் இருப்பதற்கும் சூடு ஏறும். பட்டறைக் கழிவு கலக்கும் ஊர் என்றால் காட்மியம், ஈயம், குரோமியம் சோதித்த பிறகே விவசாயியிடம் கொடுங்கள். சோதித்தாலும் கீரைக்கும் பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்கும் வேண்டாம். தென்னைக்கும் மரக்கன்றுக்கும் போடலாம்.