எச்டிபி வீட்டு லைட்டுக்கு பவர்லைனா வயர்லெஸ்ஸா, வாங்குறதுக்கு முன்னாடி இதை பாருங்க

ஸ்மார்ட் லைட் போடணும்னு இறங்குற எல்லாரும் எந்த ஆப் நல்லாருக்குன்னுதான் முதல்ல கேக்குறாங்க, அதுக்கு முன்னாடி லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு மெயினை ஆஃப் பண்ணி சுவிட்ச் பாக்ஸ்ல நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பி போற வயர்) இருக்கான்னு பாக்க சொல்லுங்க. பழைய எச்டிபி வீடுங்கள்ல (சிங்கப்பூர் அரசு கட்டுன அடுக்குமாடி வீடுங்க) பெரும்பாலும் இருக்காது, லைவ் (கரண்ட் வர்ற வயர்) மட்டும்தான் சுவிட்சுக்கு வந்து போகும். அப்போ நியூட்ரல் தேவைப்படாத சுவிட்ச் தான் வாங்கணும். அது லைட் வழியாவே கொஞ்சூண்டு கரண்ட் இழுத்துக்கும், அதனால சின்ன வாட் எல்இடின்னா ஆஃப் பண்ணியும் மினுக்மினுக்குனு எரியும், லைட் பக்கத்துல ஒரு குட்டி கெப்பாசிட்டர் சேத்தா பெரும்பாலும் சரியாயிடும்.

பவர்லைன்ல சிக்னல் கரண்ட் வயர்லயே போகும். 1975லயே வந்த எக்ஸ் 10 இந்த ரகம்தான், கரண்ட் அலை ஜீரோவை தாண்டுற நேரத்துல 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை ஏத்தி அனுப்பும். நம்ம 50 ஹெர்ட்ஸ்ல ஒரு கமாண்ட் போக கிட்டத்தட்ட ஒரு செகண்ட் ஆகும், போய் சேந்துச்சான்னு பதிலும் பெரும்பாலும் வராது. எங்க செங்காங் வீட்ல பவர்லைன் தான் போட்டிருந்தோம், அம்மா ரூம் லைட் ராத்திரி மட்டும் சொன்னதை கேக்காது, அம்மா இருட்டுல சுவரை தடவிக்கிட்டே பாத்ரூம் போவாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும். ஒவ்வொரு பிளக்கா கழட்டி பாத்தேன், கடைசில தம்பி படுக்குறப்ப சொருகுற லேப்டாப் சார்ஜர் சிக்னலை முழுங்கிட்டு இருந்துச்சு! அதுக்கு ஒரு ஃபில்டர் போட்டதும் லைட் ஒழுங்கா வந்துச்சு. லேண்டட் வீட்ல (தரையோட இருக்குற தனி வீடு) மூணு ஃபேஸ் இருந்தா, ஒரு ஃபேஸ்ல இருந்து இன்னொண்ணுக்கு சிக்னலை கடத்துற ஃபேஸ் கப்ளரும் வேணும்.

அதனால ஃபிளாட்டுக்கு நான் வயர்லெஸ் ரகமான ஜிக்பீ தான் சொல்வேன். ஆனா வீட்டுக்குள்ள இருக்குற பாம் ஷெல்டர் ரூம் சுவர் இரும்பு கம்பி வச்ச கெட்டி கான்கிரீட், ஹப்பை (லைட்டுங்களுக்கு கமாண்ட் அனுப்புற பெட்டி) அதுக்குள்ள வச்சுட்டு சிக்னல் வரலன்னு சொல்லாதீங்க, ஹால் நடுவுல வைங்க. தூரத்து ரூமுக்கு எட்டலன்னா நடுவுல ஒரு ஜிக்பீ பிளக் சொருகுங்க, எப்பவும் கரண்ட்ல இருக்குற சாமான்தான் சிக்னலை வாங்கி அடுத்ததுக்கு தள்ளிவிடும், பேட்டரில ஓடுறது செய்யாது, சுவர் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டா ஸ்மார்ட் பல்பும் செய்யாது. வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் தான், ரவுட்டர் சேனல் 1ல இருந்தா ரெண்டும் மோதிக்காம இருக்க ஜிக்பீயை சேனல் 25க்கு மாத்துங்க.

எதுவா இருந்தாலும் முதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கி ஹப்புக்கு ரொம்ப தூரத்துல இருக்குற ரூம்ல மாட்டி, வீட்ல எல்லா சார்ஜரும் ஏர்கானும் ஓடுற ராத்திரி நேரத்துல ஒரு வாரம் போட்டு பாருங்க, அப்புறமா மத்த ரூமுக்கு வாங்குங்க.