வெப்ப வியாழனில் உயிர்களைக் குடியேற்றுவது எப்படி

அறிவியல் புனைகதைக்காக வெப்ப வியாழன் (தன் விண்மீனுக்கு மிக அருகில் சுற்றும், வியாழன் போன்ற பெரிய வாயுக்கோள்) ஒன்றைக் கற்பனை செய்பவர்கள் பெரும்பாலும் உயிரினத்தில்தான் தொடங்குகிறார்கள். பலூன் போல மிதக்கும் ஒரு பிராணி, பிறகு அதற்கேற்ற வானம். இந்த வரிசையை மாற்றுங்கள். விண்மீனிலிருந்து கோள் எவ்வளவு தூரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆண்டின் நீளமும் வெப்பமும் அதிலிருந்தே வரும். உடல் எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பதையும் அந்த வெப்பமே பெருமளவு தீர்மானிக்கும்.

சூரியனைப் போன்ற விண்மீன், 0.05 வானியல் அலகு தூரம் என்று வைத்துக்கொள்வோம் (பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு வானியல் அலகு). 278ஐ இந்தத் தூரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரி வெப்பநிலை 1,243 கெல்வின். ஒளியில் பத்தில் ஒரு பங்கைக் கோள் திருப்பி அனுப்பினால் 1,210 கெல்வின், அதாவது 937 டிகிரி செல்சியஸ். 0.05 × 0.05 × 0.05 என்று பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 365.25ஆல் பெருக்குங்கள்: ஆண்டு 4.1 நாள். 1995இல் மிஷெல் மேயரும் டிடியே கெலோவும் கண்டறிந்த 51 பெகாசி பி என்ற கோள் தன் விண்மீனை 4.2 நாளில் சுற்றுகிறது. எனவே நம் கோள் நம்பத்தக்கதுதான்.

நிறை வியாழனைப் போல 0.6 மடங்கு, ஆரம் 1.2 மடங்கு என்று கொள்ளுங்கள். இத்தகைய கோள்கள் பல உப்பியே இருக்கின்றன. வியாழனின் ஈர்ப்பு 24.8; அதை நிறையால் பெருக்கி ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், நம் கோளின் ஈர்ப்பு 24.8 × 0.6 ÷ 1.44, அதாவது 10.3 மீ/வி². ஏறத்தாழ பூமியின் ஈர்ப்பே. ஆனால் தரை கிடையாது. 1 பார் அழுத்தத்திலிருந்து (ஏறத்தாழ பூமியின் கடல்மட்டக் காற்றழுத்தம்) 10 பாருக்கு இறங்க ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் போக வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. 1976இல் வானியலாளர்கள் கார்ல் சேகனும் எட்வின் சால்பீட்டரும் மிதவை உயிர்களைக் கற்பனை செய்தது குளிர்ந்த வியாழனுக்கு. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. 1 பார் அழுத்தத்தில், 1,210 கெல்வினில், கோளின் காற்றான ஹைட்ரஜன்–ஹீலியம் கலவையின் ஒரு கனமீட்டர் வெறும் 23 கிராம்தான். ஹீலியத்தை வடிகட்டித் தூய ஹைட்ரஜனை மட்டும் பைக்குள் வைத்தால், கனமீட்டருக்கு 3 கிராம் தூக்கும். ஒரு கிலோ உயிருக்கு 8.6 மீட்டர் விட்டமுள்ள பை தேவை. முழு எடையையும் தோலுக்கே கொடுத்தாலும் சதுர மீட்டருக்கு 4.3 கிராம்தான். நாம் எழுதும் தாள் 80 கிராம்.

தூக்குதிறன் ஆரத்தின் மும்மடியோடு வளரும், தோலோ வர்க்கத்தோடு. ஆகவே உடலைப் பெரிதாக்குங்கள். 100 மீட்டர் விட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை டன் தூக்கலாம். சதுர மீட்டருக்கு 50 கிராம் கிடைக்கும். உடனே அடுத்த சிக்கல் வரும்: குட்டி எப்படி மிதக்கும்? ஒன்று, தாயின் பைக்குள்ளேயே வளர வேண்டும். அல்லது 10 பார் ஆழத்தில் பிறக்க வேண்டும். அதே வெப்பநிலை என்றால் அங்கே தூக்குதிறன் பத்து மடங்கு. ஆழத்தில் வெப்பம் ஏறினால் அந்த அளவுக்குக் குறையும். இந்த ஒரு முடிவிலிருந்தே குடும்பம், பயணம், ஆபத்து எல்லாம் பிறக்கும் என்பதால் இதை அவசரமாகக் கடக்காதீர்கள்.

உடல் எதனால் ஆனது? 374 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் நீர் திரவமாகாது. எனவே இரத்தம், புரதம் என்று எழுதாதீர்கள். சிலிக்கன் கார்பைடு, அலுமினா போன்ற வெப்பம் தாங்கும் பொருள்களைக் கொண்டு ஊகியுங்கள். வாஸ்ப்-17 பி கோளின் மேகங்களில் நுண்ணிய குவார்ட்ஸ் துகள்கள் இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டியது 2023இல் வெளியானது. அப்படிப்பட்ட துகளை வடிகட்டி உடல் கட்டும் உயிர் என்பது ஊகம்தான், ஆனால் காலூன்ற இடமுள்ள ஊகம்.

காற்றைக் கவனமாகக் கையாளுங்கள். கோள் எப்போதும் ஒரே முகத்தையே விண்மீனுக்குக் காட்டும். நிலநடுக்கோட்டுக் காற்று கிழக்கு நோக்கி விநாடிக்கு 2 கிலோமீட்டர் வீசும் என்று கொள்ளலாம். மணிக்கு 7,200 கிலோமீட்டர் என்றதும் "காற்று உயிர்களைக் கிழித்தெறிகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். மிதப்பவை காற்றோடே போகின்றன, வேகத்தை உணராது. கிழிப்பது, மேலும் கீழுமுள்ள அடுக்குகளுக்கு இடையிலான வேக வித்தியாசம். ஆகவே உயரமான உடலைவிடத் தட்டையான உடலே பிழைக்கும். ஆனால் தட்டையாக்கினால் அதே கொள்ளளவுக்கு அதிகத் தோல் செலவாகும். அந்த எடையையும் கணக்கில் சேருங்கள். கோளை முழுதாகச் சுற்றிவர 75 மணி நேரம் ஆகும். உயிர்களின் ஒரு "நாள்" அதுதான், பாதி வெளிச்சம், பாதி இரவு. பகல் வானில் விண்மீன் நம் சூரியனைவிட இருபது மடங்கு அகலமாகத் தெரியும்.

இரவும் முழு இருட்டல்ல. 525 டிகிரிக்கு மேல் எந்தப் பொருளும் மங்கிய சிவப்பாக ஒளிரும். கண்ணும் அப்படித்தான். எனவே அகச்சிவப்புக் கண் கொடுக்காதீர்கள், தன் ஒளியிலேயே குருடாகிவிடும். நீலத்தையும் புற ஊதாவையும் உணரும் கண் கொடுங்கள். பகல் பக்கத்தில் அது நன்றாக வேலை செய்யும். இரவில் மோதலைத் தவிர்க்க ஒலி போதும். இங்கே ஒலி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் ஓடும்.

துணைக்கோள்களைச் சேர்க்காதீர்கள். விண்மீனுக்கு இவ்வளவு அருகில் அவற்றின் பாதை நீண்ட காலம் நிலைக்காது. பக்கத்தில் இன்னொரு கோள் கதைக்குத் தேவைப்பட்டால் வாஸ்ப்-47 என்ற விண்மீனின் கோள் தொகுதியை முன்மாதிரியாகக் கொள்ளுங்கள்: அங்கே வெப்ப வியாழனுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகச் சிறிய கோள்கள் சுற்றுகின்றன.