மடிக்கணினியின் சிறப்புப் பொத்தான்களுக்கான பின்னணிச் சேவையைத் தொடக்கத்தில் நிர்வகிப்பது எப்படி?

மடிக்கணினியின் விசைப்பலகையில் ஒலி, திரை வெளிச்சம், வைஃபை, மைக் முடக்கம் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. இவற்றில் சிலவற்றை இயக்குவதற்காகத் தயாரிப்பு நிறுவனமே ஒரு பின்னணிச் சேவையை, அதாவது திரையில் தெரியாமல் தொடர்ந்து இயங்கும் நிரலை, நிறுவித் தருகிறது. ஹெச்பி கணினிகளில் காணப்படும் ‘ஹெச்பி ஹாட்கீ யுடபிள்யுபி சர்வீஸ்’, திங்க்பேட் கணினிகளில் காணப்படும் ‘லெனோவோ ஹாட்கீ கிளையன்ட் லோடர்’ ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கணினி மெதுவாகத் தொடங்கினால் பலரும் முதலில் நிறுத்த நினைப்பது இவற்றைத்தான். ஆனால் எந்தப் பொத்தான் எதை நம்பி இயங்குகிறது என்று தெரியாமல் நிறுத்தினால், பின்னொரு நாள் அவசரமாக மைக்கை முடக்க வேண்டிய நேரத்தில் பொத்தான் வேலை செய்யாது. காரணமும் உடனே நினைவுக்கு வராது.

எல்லாப் பொத்தான்களும் இந்தச் சேவையின் வழியாக இயங்குவதில்லை. ஒலிப் பொத்தான்கள் பெரும்பாலும் சாதாரண விசைகளைப் போலவே விண்டோஸுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புகின்றன. எஃப்என் பூட்டு (எஃப்என் விசையை அழுத்திப் பிடித்தது போன்ற நிலையிலேயே வைக்கும் வசதி), விசைப்பலகையின் பின்னொளி போன்றவற்றைப் பல மாடல்களில் மதர்போர்டில் உள்ள கன்ட்ரோலர் என்ற சிறு சில்லே பார்த்துக்கொள்கிறது. நிறுவனத்தின் சொந்த மென்பொருளைத் திறக்கும் பொத்தான், விருப்பப்படி வேலை ஒதுக்கக்கூடிய பொத்தான் முதலியவைதான் சேவையை அதிகம் சார்ந்திருப்பவை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் சேவைகள் பயனரின் திரையில் நேரடியாக எதையும் காட்ட முடியாது. ஆகவே திரையில் தோன்றும் ஒலிப் பட்டை, ‘மைக் முடக்கப்பட்டது’ என்ற அறிவிப்பு போன்றவற்றைக் காட்டுவதற்கென ஒரு துணை நிரல், பயனர் உள்நுழைந்த பிறகு தனியாக இயங்கும். பொத்தானை அழுத்தும்போது வேலை நடக்கிறது, ஆனால் நிறுவனத்தின் அறிவிப்புப் படம் மட்டும் வரவில்லை என்றால், நின்றிருப்பது பெரும்பாலும் சேவையல்ல, இந்தத் துணை நிரல்தான்.

இரண்டும் இருக்கும் இடங்களும் வேறு வேறு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதன் ஸ்டார்ட்அப் பகுதியில் துணை நிரலைத் தேடலாம். அங்கே ‘ஹை’ என்று குறிக்கப்பட்டிருந்தால், அந்த நிரல் தொடக்கத்தில் 1 வினாடிக்கு மேல் ப்ராசஸர் நேரத்தையோ 3 எம்பிக்கு மேல் வட்டுப் பயன்பாட்டையோ எடுத்துக்கொண்டது என்று பொருள். ‘லோ’ என்று இருந்தால் அதை நிறுத்துவதால் குறிப்பிடத்தக்க வேகம் கிடைக்காது. அப்படியே விட்டுவிடுவதே நல்லது. சேவையைப் பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் ‘சர்வீசஸ்’ என்று தட்டச்சு செய்து அந்தச் சாளரத்தைத் திறக்க வேண்டும்.

பட்டியலில் உங்கள் நிறுவனத்தின் பெயரோடு ‘ஹாட்கீ’, ‘ஃபங்ஷன் கீ’, ‘பட்டன்’ போன்ற சொற்கள் சேர்ந்து வரும் சேவையை இருமுறை சொடுக்கித் திறந்து, ‘ஸ்டார்ட்அப் டைப்’ என்பதில் தற்போது என்ன இருக்கிறது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ‘டிபெண்டன்சிஸ்’ தாவலையும் பார்த்து, வேறு சேவைகள் இதை நம்பியிருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் பிறகு அமைப்பை மாற்றாமல், ‘ஸ்டாப்’ பொத்தானை மட்டும் அழுத்திச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இப்போது எஃப்1 முதல் எஃப்12 வரை, எஃப்என் விசையோடும் அது இல்லாமலும், ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். மூடியை மூடித் திறந்தும், கணினியை உறங்கவைத்து எழுப்பியும், பூட்டுத் திரையிலும் இதே சோதனையைச் செய்வது அவசியம், ஏனெனில் சில குறைகள் உறக்கத்திலிருந்து எழுந்த பிறகே வெளிப்படும்.

நீங்கள் பயன்படுத்தும் பொத்தான் ஏதேனும் வேலை செய்யவில்லை என்றால், சேவையை ‘ஆட்டோமேட்டிக்’ நிலையிலேயே வைத்திருங்கள், அல்லது ‘ஆட்டோமேட்டிக் (டிலேட் ஸ்டார்ட்)’ என்று மாற்றுங்கள். இரண்டாவது நிலையில், மற்ற தானியங்கிச் சேவைகள் தொடங்கி ஏறத்தாழ 2 நிமிடங்கள் கழித்தே இது தொடங்கும். அதுவரை அந்தப் பொத்தான் இயங்காது என்பதை ஏற்றுக்கொள்ள முடிந்தால், பெரும்பாலானோருக்கு இதுவே பொருத்தமான தேர்வு என்பது என் கருத்து. ‘மேனுவல்’ என்றால் பொத்தானை அழுத்தியவுடன் சேவை தானாக எழுந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. வேறொரு நிரலோ, முன்பே வரையறுக்கப்பட்ட ஒரு நிகழ்வோ, நீங்களோ தொடங்கினால்தான் அது இயங்கும். சோதனையில் எந்தப் பொத்தானும் பாதிக்கப்படவில்லை என்றால் மட்டுமே ‘டிசேபிள்ட்’ நிலைக்குச் செல்லலாம்.

மாற்றத்தைச் சரிபார்க்க, கணினியை ‘ஷட் டவுன்’ செய்து மீண்டும் இயக்குவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி செயலில் இருக்கும்போது, விண்டோஸ் தன் மையப் பகுதியையும் சேவைகள் இயங்கும் அமர்வையும் வட்டில் சேமித்துவைத்து, அடுத்த முறை அங்கிருந்தே மீட்டெடுக்கிறது. ஆகையால் சேவைகள் புதிதாகத் தொடங்குவதே இல்லை. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுமையான தொடக்கம் நடக்கும். அமைப்பை மாற்றியும் பயனில்லை என்று பலர் குழம்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஆட்டோமேட்டிக் நிலையில் இருந்தும் சேவை தொடங்கவில்லை என்றால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ‘சிஸ்டம்’ பதிவைத் திறந்து, சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் எழுதியவற்றைப் பாருங்கள். 7000 என்ற எண் சேவை தொடங்கத் தவறியதையும், 7009 அது உரிய நேரத்துக்குள் பதில் தராததையும், 7031 அது எதிர்பாராமல் நின்றுபோனதையும் குறிக்கும். இயல்பான காத்திருப்பு நேரம் 30 வினாடி. ஆகவே 7009 அடிக்கடி வந்தால், டிலேட் ஸ்டார்ட் நிலைக்கு மாற்றி நெரிசல் குறைந்த பிறகு தொடங்கவைப்பது பலன் தரக்கூடும். 7031 வந்தால், ‘ரெக்கவரி’ தாவலில் முதல் தோல்விக்கு ‘ரீஸ்டார்ட் தி சர்வீஸ்’ என்று அமைப்பதோடு, நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய ஹாட்கீ டிரைவரைப் புதிதாக நிறுவிப் பார்க்க வேண்டும். டிரைவரைப் புதுப்பிக்கும்போது சேவை மீண்டும் ஆட்டோமேட்டிக் நிலைக்குத் திரும்பிவிடலாம் என்பதால், ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அமைப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் இந்தப் பொறுப்பின் பெரும்பகுதியை அதன் மையப் பகுதியான கெர்னலில் உள்ள டிரைவர்களே ஏற்கின்றன. பவர் பொத்தானையும் மூடியையும், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி சேவை கவனிக்கிறது. அவற்றின் நடத்தையை அதன் அமைப்புக் கோப்பில் மாற்றலாம். பொத்தான், மூடி போன்ற நிகழ்வுகளைக் கவனிக்கும் ஏசிபிஐடி போன்ற கூடுதல் சேவையும் சேர்ந்து இயங்கினால், ஒரே பொத்தானுக்கு இரண்டு செயல்கள் நடக்க வாய்ப்புண்டு; அப்போது இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டும். டிசேபிள் செய்த சேவையை வேறொரு சேவை மீண்டும் எழுப்ப முடியும். அப்படி நேராமல் தடுக்க வேண்டுமானால் அதை மாஸ்க் செய்ய வேண்டும், அதாவது எதுவும் அதைத் தொடங்க முடியாதபடி அடைத்துவிட வேண்டும்.