சோலார் மானியம் தடையில்லாமல் கிடைக்க

வீட்டு மாடியில் சோலார் பேனல் போட மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. உச்சவரம்பு 78,000, 5 கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான்.

மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறதா? முதலில் பெயர் மாற்றம் செய்துவிட்டு, பிறகு இந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் விண்ணப்பியுங்கள்.

பேனல் மட்டுமல்ல, அதற்குள் மின்சாரம் தயாரிக்கும் ‘சோலார் செல்’லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று இறக்குமதி செல் உள்ளதை மாட்டிவிட்டால் மானியம் போச்சு. கொட்டேஷனிலேயே ‘டிசிஆர் பேனல்’ (செல், பேனல் இரண்டும் இந்தியத் தயாரிப்பு) என்று எழுதி வாங்குங்கள், இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். விற்பனையாளர் திட்டத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். மின்வாரிய லைனோடு இணையாமல் பேட்டரியில் மட்டும் ஓடும் அமைப்புக்கு மானியம் கிடையாது.

நெட் மீட்டர் (லைனிலிருந்து எடுக்கும் மின்சாரம், லைனுக்கு அனுப்பும் மின்சாரம் இரண்டையும் அளப்பது) பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையையும் நீங்களே புரட்ட வேண்டும்.