சின்னக் கூடத்துக்கு ஒரு கம்பியில்லா ஹோம் தியேட்டர்

கம்பியில்லாத ஹோம் தியேட்டர் என்றாலும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் மின்சாரம் வேண்டும். பிளக் பாயின்ட் எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பின்பக்க ஸ்பீக்கர்களின் இடத்தைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கும்.

சவுண்ட்பாரை, அதாவது நீளப் பட்டை வடிவ ஸ்பீக்கரை, டிவிக்கு நேர் கீழே, மேசையின் முன்விளிம்பை ஒட்டி வையுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் ஒலி மேசைப் பரப்பில் பட்டுத் திரும்பி, பேச்சு மங்கிவிடும். டிவியோடு இணைக்க புளூடூத் வேண்டாம். உதடு அசைந்த பிறகு குரல் வரும் தொல்லை அதில்தான் அதிகம். டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும், ஏஆர்சி (ARC) அல்லது இஏஆர்சி (eARC) என்று குறித்திருக்கும் எச்டிஎம்ஐ (HDMI) துளையில் கேபிளைச் செருகி, செட்டிங்ஸில் ஒரு கருவியின் ரிமோட்டால் மற்றதையும் இயக்க உதவும் சிஇசி (CEC) வசதியை இயக்குங்கள். பிறகு டிவி ரிமோட் ஒன்றே போதும்.

தாழ்ந்த அதிர்வொலிகளைத் தரும் சப்வூஃபருக்குத்தான் பொறுமை தேவை. மூலையில் வைத்தால் அதிர்வு பெருகும். எங்கள் 10க்கு 12 அடிக் கூடத்தில் அது வெறும் உறுமலாகிவிடுகிறது. நான் செய்வது இதுதான்: சப்வூஃபரை நான் உட்காரும் சோபாவிலேயே வைத்து, மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்பேன். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் ஒவ்வொரு அடியும் குழையாமல், தனித்தனியாக எங்கே கேட்கிறதோ அங்கேதான் சப்வூஃபருக்கு இடம். அதன் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள், கீழ்வீட்டார் நிம்மதியாகத் தூங்கட்டும்.

பின்பக்க ஸ்பீக்கர்கள் காதுக்குச் சற்று மேலே, தோளுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். இரவில் நைட் மோடைப் போட்டால் வெடிச்சத்தம் அடங்கும், முணுமுணுப்பான வசனமும் தெளிவாகக் கேட்கும்.